எழுவாய் யார்? கிள்ளான் பள்ளத்தாக்கின் மின்சார வரலாற்றில் தொழிலாளர் உயிர்

"மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி" என்னும் தலைப்பு மலேசியத் தமிழ் நாளேடுகளைப் படித்து வருவோர்க்குப் புதிதன்று. கூரை வேயும் வேலையில் ஒருவர், தெருவோரம் குழி தோண்டுமிடத்தில் மற்றொருவர், தண்ணீர் பீய்ச்சிக் கார் கழுவும் நிலையத்தில் இன்னொருவர் என இடமும் தொழிலும் மாறுமேயன்றித் தலைப்பு மாறுவதில்லை. தமிழாசிரியர் ஒருவர் இத்தொடரை எடுத்து மாணவர்க்கு இலக்கணம் கூறப் புகுந்தால், தாக்குதல் என்னும் வினைக்கு எழுவாய் மின்சாரம் என்று கூறிவிட்டு அப்பாற் செல்வார். இலக்கணத்துக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

சங்கப் பாடல்களில் மின் என்பது வானத்து மின்னலையே குறிக்கும். அம்மின்னலுக்குப் பின்னால் மனிதர் எவரும் இலர்; மரத்தின்மேல் விழினும் மாட்டின்மேல் விழினும் அதைக் கேட்பாரில்லை. பிற்காலத்தில் கம்பி வழியே ஓடும் ஆற்றலுக்கு மின்சாரம் என்று பெயரிட்டபோது, பழைய மின்னலின் கேட்பாரற்ற தன்மையும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ என ஐயுற வேண்டியுள்ளது. கம்பியில் ஓடுவது தானே வந்ததன்று. அதனை ஆக்குவோர் உளர், கொண்டு செல்வோர் உளர், விற்போர் உளர், திறப்போரும் அடைப்போரும் உளர். அஃது ஓர் உயிரைக் கொள்ளும்போது, இவர்களுள் யாரோ ஒருவர் செய்திருக்க வேண்டிய செயலொன்று செய்யப்படாமல் இருந்திருக்கும். அந்தச் செயல் யாது, அதனைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை உலகம் மெல்ல மெல்லக் கண்டறிந்த கதையே மின் பாதுகாப்பின் வரலாறு. கோலாலம்பூரையும் கிள்ளானையும் தழுவிய பள்ளத்தாக்கில் அக்கதைக்குத் தமிழ்ப் பெயர் ஒன்றும் தொடக்கத்திலேயே உண்டு.

ரவாங் முதல் பங்சார் வரை

தீபகற்ப மலாயாவில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்ட இடம் கோலாலம்பூருக்கு வடக்கேயுள்ள ரவாங், ஆண்டு 1894. லோக் இயூ என்னும் சீனப் பெருவணிகரும் கே. தம்புசாமிப் பிள்ளையும் அங்குத் தங்கள் வெள்ளீயச் சுரங்கத்தை இயக்குவதற்காக மின்னாக்கிப் பொறியை நிறுவினர். தம்புசாமிப் பிள்ளை சிங்கப்பூரில் பிறந்து இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றவர். சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனுடன் 1875-ல் சிலாங்கூருக்கு வந்தவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலைக் கோயிலோடும் விக்டோரியா கல்விக்கூடத்தோடும் பெயர் பிணைந்தவர். நாட்டின் மின்சார வரலாற்றைக் கூறும் நூல்கள் யாவும் இவ்விருவர் பெயரோடுதான் தொடங்கும்.

மின்சாரம் முதலில் அரண்மனைக்கோ அலுவலகத்துக்கோ வராமல் சுரங்கத்துக்கு வந்ததன் காரணம் நோக்கத்தக்கது. ஈயச் சுரங்கத்துக்குப் பெரும்பகை தண்ணீர். திறந்த குழியில் மழைநீரும் ஊற்றுநீரும் ஓயாது சேரும். அதனை இறைத்தாலன்றி மணலை அள்ள இயலாது. நீராவிப் பொறிக்கு விறகு வெட்டிக் காடு அழிந்தது. விறகு வரும் தொலைவும் கூடிற்று. ஓரிடத்தில் ஆக்கிய விசையைக் கம்பி வழியே குழியின் விளிம்புக்குக் கொண்டுவர முடியுமாயின் அதனினும் வசதி வேறில்லை. ஆகவே இந்நாட்டில் மின்சாரமும் தண்ணீரும் முதல் நாளிலேயே ஒரே குழியில் சந்தித்தன. வெறுங்காலோடு சேற்றில் நின்று வேலை செய்வது அக்காலச் சுரங்க வழக்கம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

அதன்பின் மின்சாரம் விரைந்து பரவிற்று. 1895-ல் கோலாலம்பூர் இரயில் நிலையத்துக்கு மின்னொளி கிடைத்தது. 1900-ல் பகாங்கின் ரவுப் தங்கச் சுரங்கக் குழுமம் செம்பாம் ஆற்றில் நீர்விசை நிலையம் கட்டிற்று. 1904-ல் பினாங்கு நகராட்சி மின் வழங்கத் தொடங்கியது. கோலாலம்பூருக்குக் கொம்பாக் ஆற்று நீர்விசை துணை நின்றது. அது போதாமற் போகவே 1920-களின் பிற்பகுதியில் பங்சாரில் நீராவி மின்நிலையம் எழுந்தது. பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி இரயிலேறி வந்து அங்கு எரிந்தது. போருக்குப் பின் 1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-ல் கிள்ளான் அருகே கன்னாட் பாலத்து மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாரியமே 1965-ல் தேசிய மின்சார வாரியம் என்றும் 1990-ல் தெனாகா நேஷனல் என்றும் பெயரும் உருவும் மாறியது.

பங்சார் மின்நிலையத்துக்கு அணித்தாக இருந்தது பிரிக்பீல்ட்ஸ். 1881-ஆம் ஆண்டுத் தீக்குப் பின் கோலாலம்பூரைக் கல்லாலும் செங்கல்லாலும் திரும்பக் கட்டியபோது சூளைகள் நின்ற நிலமாதலின் அதற்கு அப்பெயர். சூளைகள் போய் இரயில்வேக் குடியிருப்புகள் வந்தன. யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் தமிழகத்துக் கூலியாட்களும் அங்கு அருகருகே குடியேறினர். இரயில்வே, பொதுப்பணி, நகராட்சி, மின்சாரம் ஆகிய துறைகளில் உடலுழைப்பாளருள் பெரும்பங்கினர் தென்னிந்தியராக இருந்த காலம் அது. பொறியாளர் ஆங்கிலேயர், கணக்கும் நுட்பப் பணியும் பார்த்தோருள் யாழ்ப்பாணத்தார் பலர், கம்பம் நடுதல், வாய்க்கால் வெட்டுதல், பாரக் கம்பியைத் தோள்மேல் இழுத்தல், கரி அள்ளுதல் ஆகியன கூலியாட்களின் பங்கு. இந்த அடுக்கில் யார் மின்சாரத்தை அறிந்திருந்தனரோ அவர் அதனின்றும் தொலைவில் இருந்தார். யார் அதற்கு அருகில் நின்றனரோ அவருக்கு அதைப்பற்றிக் கூறுவார் இல்லை. பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு இவ்வடுக்கே திறவுகோல்.

நடுப்பகலில் ஒரு சாவு

மின்சாரத்தால் தொழிலிடத்தில் நேர்ந்த முதல் மரணமாக நூல்கள் குறிப்பது 1879-ல் பிரான்சின் லியோன் நகரில் நிகழ்ந்தது. நாடக மேடைத் தச்சர் ஒருவர் விளக்குகளுக்கு மின் வழங்கிய 250 வோல்ட் கம்பியைத் தொட்டு மாண்டார். அவர் மின்பணியாளர் அல்லர், தச்சர் என்பதை நினைவில் வைக்க.

உலகைக் குலுக்கியது பத்தாண்டு கழித்து நியூயார்க்கில் நடந்தது. 1889 அக்டோபர் 11 அன்று நண்பகலில், தந்திக் கம்பிகளைச் செப்பனிடக் கம்பமேறிய ஜான் ஃபீக்ஸ் என்பவர் கம்பிவலையில் சிக்கி, கீழே தெருவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க உயிர்விட்டார். உடல் நெடுநேரம் அங்கேயே தொங்கிற்று. அவர் தொட்டது தீங்கற்றதெனக் கருதப்பட்ட தந்திக் கம்பி. தொலைவில் எங்கோ ஓரிடத்தில் அக்கம்பி, தெருவிளக்குக்குரிய உயர் மின்கம்பியொன்றை உரசிக்கொண்டிருந்தது. அவர் செய்த பிழை ஏதுமில்லை. செய்யப்படாத செயல் வேறோரிடத்தில், வேறொருவரிடத்தில் இருந்தது. நகரம் பொங்கியெழுந்தது, கம்பங்கள் வெட்டப்பட்டுக் கம்பிகள் மண்ணுக்கடியில் சென்றன. அமெரிக்க மின்பணியாளர் சங்கம் 1891-ல் செயின்ட் லூயிஸ் நகரில் தோன்றியபோது அதன் முதல் தலைவரான ஹென்றி மில்லரும் ஒரு கம்பிப் பணியாளரே. அவரும் 1896-ல் வாஷிங்டனில் வேலையின்போது மின் அதிர்ச்சியுற்றுக் கம்பத்தினின்றும் விழுந்து இறந்தார்.

ஊரார் கண்முன் நிகழ்ந்த சாவு நியூயார்க்கின் தெருக்களை மாற்றியது. குழிக்குள்ளும் கூரைமேலும் நிகழும் சாவுகளுக்கு அத்தகைய கூட்டம் கூடுவதில்லை. அங்குச் சட்டந்தான் கூட்டத்தின் வேலையைச் செய்ய வேண்டும். பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்கென மின் ஆய்வாளராக ஸ்காட் ராம் என்பவர் 1902-ல் அமர்த்தப்பட்டார். 1908-ல் தொழிற்சாலை மின்சாரச் சிறப்பு விதிகள் வெளிவந்தன. மலாயாவுக்கு வந்த பொறியாளர்கள் இவ்விதிகள் வளர்த்த பழக்கத்திலிருந்தே வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த சொற்களும் அவையே.

அச்சொற்களுள் ஒன்று தமிழாசிரியர்க்குச் சுவை தரக்கூடும். அவ்விதிகள் வோல்ட் அளவை அழுத்தம் என்று குறித்தன. ஆங்கிலம் அச்சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டது. தமிழோ மின்னழுத்தம் என்று அதை இன்றும் காத்து வருகிறது. நல்ல சொல்தான். ஆனால் அதனோடு வந்த வகைப்பாட்டில் ஒரு கேடு இருந்தது. 250 வோல்ட்டுக்கு மேற்படாதது "தாழ்ந்த அழுத்தம்" என்றனர் அவ்விதியாளர். இக்கால மலேசிய விதிகளிலும் 1,000 வோல்ட் வரை தாழ்ந்த அழுத்தமே. வீட்டிலும் பட்டறையிலும் உள்ள 230 வோல்ட் இவ்வாறு தாழ்ந்ததாகிவிட்டது. பொறிக்கு அது தாழ்ந்ததாயிருக்கலாம், உடலுக்கு அன்று. லியோன் தச்சரைக் கொன்றது அந்த அளவே.

அடித்ததும் பிடித்ததும்

ஏன் கொல்கிறது என்பதற்கு விடை கிடைக்கப் பல்லாண்டு சென்றது. அவ்விடையின் ஒரு பாதி தொழிலாளர் பேச்சிலேயே இருந்தது என்றால் மிகையாகாது. "கரண்டு அடிச்சிருச்சு" என்பது ஒரு வழக்கு. "கரண்டு பிடிச்சிக்கிச்சு" என்பது வேறொரு வழக்கு. ஏட்டுத் தமிழின் "தாக்குதல்" இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பேச்சுத் தமிழ் வேறுபடுத்தியது வெறும் சொல் வேறுபாடன்று, உடலியல் வேறுபாடு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல் என்னும் பேராசிரியர் இதனை அளந்து கண்டவர். 134 ஆடவரையும் 28 பெண்டிரையும் கொண்டு அவர் செய்த சோதனை எளியது: கையில் மின்கம்பியைப் பிடித்திருப்பவர் எந்த அளவு வரை தாமாக அதை விட்டுவிட முடியும்? ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிர்க்குப் பத்தரை. அதற்கு மேற்பட்டால் முன்கைத் தசைகள் இறுகும். விரல்களை மடக்கும் தசை, விரிக்கும் தசையினும் வலியது; ஆகவே கை கம்பியை மேலும் இறுகப் பற்றும். விடு என்று மூளை இடும் ஆணையை விரல் கேளாது. அதுவே பிடித்தல். புறங்கையிலோ தோளிலோ பட்டால் அதே இறுக்கம் ஆளைத் தள்ளிவிடும், அதுவே அடித்தல். அடித்தவர் ஏணியிலிருந்து விழுந்து சாவதுண்டு. பிடிக்கப்பட்டவர் நின்ற இடத்திலேயே சாவார். அவரை இழுக்க ஓடிவரும் தோழரையும் அது பிடித்துக்கொள்ளும். ஒரே விபத்தில் இருவர் இறந்த செய்திகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான். விசையை அடைக்குமுன் தொடாதே, இயலாவிடின் உலர்ந்த மரத்தால் தள்ளு என்று சொல்லித் தராத முதலாளி, அன்பை எமனுக்கு வாயிலாக்குகிறார். (புறங்கையால் தொட்டுப் பார்த்தால் தீங்கில்லை என்னும் பழைய பட்டறை நம்பிக்கை இவ்வுண்மையின் திரிபு. கம்பியைச் சோதிக்கக் கருவி உண்டு, கை அதற்குரியதன்று.)

ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் மார்பின் வழியே ஒரு நொடிக்கு மேல் ஓடினால் இதயத் துடிப்பு நிலைகுலைந்து வெறும் நடுக்கமாய்விடும். 40 வாட் விளக்கு ஒன்று எரியக் கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் என்றால் அளவு விளங்கும். உலர்ந்த தோல் ஓரளவு தடுக்கும். வியர்வையில் நனைந்த தோலின் தடை குன்றிவிடும். நண்பகலில் புழுக்கமும் மாலையில் இடிமழையுமாக உள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிலாளியின் சட்டை உலர்ந்திருக்கும் நேரம் எவ்வளவு? துறைமுகத்தை அடுத்த இரும்புப் பட்டறைகளில் கப்பல் தொட்டிக்குள்ளோ எண்ணெய்க் கலத்துக்குள்ளோ படுத்துக்கொண்டு பற்றவைப்பவர்க்கு 80 வோல்ட்டே எமனாகலாம். முதுகுக்கடியில் இரும்பு, கையுறையில் வியர்வை, வெளியேற இடமில்லை. குளிர் நாட்டவர் வகுத்த "தாழ்ந்த" என்னும் சொல் இங்கு இன்னும் பொய்யாகிறது.

சுவரில் தொங்கிய பலகை

1908-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விதிகளுள் ஒன்று, மின் அதிர்ச்சியுற்றவர்க்குச் செய்ய வேண்டிய முதலுதவியை எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது. மின்னறைச் சுவர்களில் அத்தகைய பலகைகள் உலகெங்கும் தொங்கின. மலேசிய மின்னறைகளிலும் காணலாம். அப்பலகைகளின் உள்ளடக்கம் மாறிய கதை உருக்கமானது.

தொடக்கத்தில் அவை கற்பித்தது ஷேஃபர் முறை. 1903-ல் எடின்பரோப் பேராசிரியர் ஷேஃபர் நீரில் மூழ்கியவர்க்கென வகுத்தது அது: ஆளைக் குப்புறக் கிடத்தி, விலாவின் கீழ்ப்புறத்தை அழுத்தி அழுத்தி விடுதல். பின்னர் 1932-ல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் முறை வந்தது. 1950-களின் இறுதியில் வாயோடு வாய் வைத்து மூச்சூதும் முறை சிறந்ததெனத் தெளிந்தது. ஆனால் இவை யாவும் மூச்சுக்கே மருந்து. மின்சாரத்தால் வீழ்ந்தவர் பலருக்கு நின்றது மூச்சு மட்டுமன்று, இதயம். இதயம் நடுங்கிக் கிடக்க, அரைமணி நேரம், ஒருமணி நேரம் என்று தோழர்கள் முதுகை அழுத்திக்கொண்டிருந்தனர். பலகை சொன்னதை வழுவாது செய்தும் உயிர் திரும்பாதபோது விதியை நொந்தனர்.

இதற்கு மாற்றுக் கண்டவர் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் கௌவன்ஹோவன், கம்பிப் பணியாளரின் சாவுகள் பெருகுவது கண்டு மின் நிறுவனங்கள் அளித்த பொருளுதவியோடு 1920-களிலேயே இவ்வாராய்ச்சியில் இறங்கினார். நடுங்கும் இதயத்தை மற்றொரு மின்னதிர்ச்சியால் நிலைக்குக் கொணரும் பொறியை, மார்பைத் திறவாமலே பயன்படும்படி, 1950-களில் ஆக்கினார். அப்பொறியின் கனத்த தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோது, மின்சாரம் செலுத்துமுன்னரே குருதியழுத்தம் சற்று உயர்வதை அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர் கவனித்தார். அழுத்தமே போதும் என்பது அப்போது புலனாயிற்று. 1960-ல் கௌவன்ஹோவனும் ஜூடும் நிக்கர்பாக்கரும் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மாரடைப்புற்றோர்க்கும் செய்யப்படும் அம்முதலுதவி, கம்பத்தில் மாண்ட தொழிலாளர் பொருட்டுத் தொடங்கிய தேடலின் பயன். இது போதுமான அளவு சொல்லப்படுவதில்லை.

உருகியும் துண்டிப்பானும்

முதலுதவி வீழ்ந்தபின் வருவது. வீழாமல் தடுப்பதில் நெடுங்காலம் நிலவிய மயக்கம் ஒன்று உண்டு. ஃபியூஸ் இருக்கிறதே, அது எரிந்து ஆளைக் காக்கும் என்று வீட்டாரும் பட்டறையாரும் நம்பினர். ஃபியூஸ் காப்பது கம்பியை. ஐந்தோ பதின்மூன்றோ ஆம்பியர் ஓடினால்தான் அது விழித்துக்கொள்ளும். ஆளைக் கொல்ல அதில் நூற்றிலொரு பங்கு மிகுதி. தொழிலாளி ஒருவர் கம்பியைப் பிடித்தபடி இறந்துகொண்டிருக்க, ஃபியூஸ் நலமாகவே இருக்கும். பொறியின் உலோக உடலைப் பூமியோடு இணைக்கும் "எர்த்து" செவ்வனே இருந்தால் ஃபியூஸுக்கு விழிப்பு வரலாம். அக்கம்பி அறுந்திருந்தாலோ, மூன்று முள் செருகியை வெட்டி இரண்டு முள்ளாக்கியிருந்தாலோ, தொழிலாளியின் உடலே எர்த்தாகிவிடும்.

போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று ஓயாது ஒப்பிட்டு, சிறிது குறைந்தாலும் கண்ணிமைக்குமுன் அடைத்துவிடும் கருவியே இம்மயக்கத்துக்கு முடிவு கட்டிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் பொருட்டு ஹென்றி ரூபின் 1950-களின் நடுவில் அதனைக் கூர்மைப்படுத்தினார். அமெரிக்காவில் டால்சீல் 1960-களில் தாம் கண்ட அளவுகளுக்கேற்ப ஒன்றை அமைத்தார். மலேசியத் தொழிலாளர் இதனை "ஈ.எல்.சி.பி." என்று ஆங்கில எழுத்துகளாலேயே அழைப்பர், கசிவுத் துண்டிப்பான் என்று தமிழில் சொல்லலாம். 1994-ஆம் ஆண்டு மலேசிய மின்சார ஒழுங்குவிதிகள் இதற்கு அளவு வகுத்தன: கையிற் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர்; தரை ஈரமாகும் இடங்களுக்கு 10; ஏனையவற்றுக்கு 100. கார் கழுவும் நிலையத்துத் தரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 10 என்னும் எண்ணுக்குப் பின்னால் டால்சீலின் சோதனையில் கம்பி பிடித்தோரின் கைகள் உள்ளன. துண்டிப்பான் அடிக்கடி அடைத்து வேலையைக் கெடுக்கிறது என்று அதனைக் கழற்றி நேர்க்கம்பி கொடுக்கும் வழக்கம், அக்கைகளைத் திரும்பவும் கம்பியில் கட்டுவதாகும்.

கருவியினும் மூத்தது ஒழுங்கு. விசையை அடை; அடைத்ததைப் பூட்டு; சாவியைத் தன்னிடமே வை; கம்பி செத்துவிட்டதா என்று கருவியால் சோதி; பின் இருபுறமும் பூமியோடு இணை; அதன் பிறகே தொடு. கம்பிக்குச் சாவும் உயிரும் உண்டு என்று மின்பணியாளர் பேசுவது உருவகமன்று. அடைத்த கம்பி திரும்ப உயிர்பெறும் வழிகள் பல: அறியாத ஒருவர் விசையைத் திருப்புதல், அடுத்த கட்டடத்து மின்னாக்கி பின்வழியே ஊட்டுதல், இக்காலத்தில் கூரைமேல் சூரியத் தகடுகள். பூட்டும் எர்த்தும் இருவேறு காவல்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று.

அருகில் நிற்பவர்

மலேசியாவில் மின்வேலை செய்வோர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். வயர்மேனுக்கும் சார்ஜ்மேனுக்கும் தனித்தனி நிலைகள். எந்த அழுத்தம் வரை, எவ்வகைப் பணி என்பது சான்றிலேயே எழுதப்படும். 1990-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டம் இதற்கு அடிப்படை. 2002 முதல் எரிசக்தி ஆணையம் இதன் காவலர். உயிருக்கோ உடைமைக்கோ கேடு விளைத்த விபத்தைத் தாமதமின்றி ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டம். மின்சாரத்தின்மேல் வேலை செய்பவருக்கு இவ்வாறு ஒரு வேலி உண்டு.

மின்சாரத்தின் அருகே வேலை செய்பவருக்கு அவ்வேலி இல்லை. வண்ணம் பூசுவோர், சாரம் கட்டுவோர், விளம்பரப் பலகை மாட்டுவோர், தூக்குப்பொறி ஓட்டுநர், வாய்க்கால் வெட்டுவோர் ஆகியோரிடம் மின் தகுதிச் சான்று கேட்பார் யாருமில்லை. அவர் தொழில் மின்தொழில் அன்றே. ஆயினும் பல நாடுகளின் கணக்கில் தொழிலிடத்து மின் மரணங்களுள் பெரும்பங்கு இத்தகையோரையே சேர்ந்தது. லியோனில் மாண்டவர் தச்சர். நியூயார்க்கில் மாண்டவர் தந்திப் பணியாளர். அலுமினிய ஏணியைத் தோளில் வைத்துத் திரும்புகையில் மேலே 11,000 வோல்ட் கம்பி. கிள்ளான் சாலையோரம் லாரித் தூக்கியின் கை உயரும்போது அதன் நுனியைப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். ஓட்டுநருக்கு அது தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் வழியே 1995 முதல் ஓடும் மின்தொடர்வண்டிக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடவும் வேண்டா, நெருங்கினாலே பாயும். பழைய இரயில் முற்றம் இருந்த நிலத்தில் 2001-ல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது முதல் அச்சுற்றுவட்டாரம் இடைவிடாத கட்டுமானக் களம். அதன் மண்ணுக்கடியில் ஒரு தலைமுறைக்கு மேலாகப் புதைத்த மின்வடங்கள் கிடக்கின்றன. வரைபடத்தைக் கேட்டுப் பெற்று, கருவியால் தேடி, கையால் மெல்லத் தோண்டிப் பார்த்த பின்னரே பொறியைக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், அதற்குள் ஒரு துணை ஒப்பந்தம் என்று கீழே கீழே இறங்கும்போது வரைபடம் மேல்தட்டிலேயே தங்கிவிடுகிறது. மண்வெட்டி மட்டும் கீழே வருகிறது. அன்றைய அடுக்கும் இன்றைய அடுக்கும் வேறல்ல. அடியில் நிற்பவர் ஊர்தான் மாறியுள்ளது. வங்காள தேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர், தமிழகத்தார் என இன்று பலர்.

இழப்பீட்டின் வரலாறும் இவ்வடுக்கைப் பின்தொடர்ந்தே மெல்ல இறங்கிற்று. 1952-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1969-ல் இயற்றி 1971-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம், அஃதாவது சொக்சோ. அயல்நாட்டுத் தொழிலாளர் சொக்சோவின் தொழில் விபத்துத் திட்டத்துள் மீண்டும் வந்தது 2019 ஜனவரி முதல் நாளில்தான். 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1967-ன் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டமும் அன்றே நீங்கிற்று. வேலை தொடங்குமுன் இடரை மதிப்பிடுவது முதலாளியின் கடமை எனத் திருத்தம் கூறுகிறது. உடனடி ஆபத்து உண்டெனக் கருத நியாயமான காரணமிருந்து, அறிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிடின், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டித்தல் கூடாது என்றும் கூறுகிறது. மேலே கம்பி போகிறது, ஏணியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இவ்வாறு எழுத்தில் ஏறிற்று.

இந்நாட்டுத் துணை மின்நிலையங்கள் பலவற்றின் வேலியில் எச்சரிக்கைப் பலகையொன்று நான்கு மொழிகளில் தொங்குவதைக் காணலாம்: மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ். கம்பம் நட்டவரும் வாய்க்கால் வெட்டியவரும் தமிழராயிருந்த காலத்தில், "அபாயம்" என்னும் அத்தமிழ்ச் சொல் யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவரே அதன் எதிரில் நின்றார். இன்று அவ்வேலியை ஒட்டிக் குழி தோண்டுபவர் பெரும்பாலும் படிக்கத் தெரிந்தது வங்க எழுத்தோ நேபாள எழுத்தோ. பலகையில் அவை இல்லை.